களை எடுக்காமல் விட்ட பாத்தி

பயிற்சிக்கு வந்த விவசாயிகள் வரப்பில் வரிசை கட்டி நின்றார்கள். அவர்களை அழைத்துவந்த பயிற்சியாளருக்குத்தான் தலை சுற்றியது. மக்காச்சோள வயலில் அவள் ரோட்டோரமாக ஒரு பாத்தியை மட்டும் களை எடுக்காமல் விட்டு வைத்திருந்தாள். பக்கத்துப் பாத்தியில் களையெடுத்த பிறகு உரம். இதில் களையோடு உரம். இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே நாள். வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தால்தான் இவர்கள் நம்புவார்கள். மழை பெய்து ஈரம் இருந்ததால், நாளைக்கே தங்கள் இளம்பயிருக்குக் களை மேலேயே உரத்தை வீசத் தயாராக இருந்தார்கள். இன்று நம்ப வைக்காவிட்டால் இந்தப் பருவமும் போச்சு.

இப்போது அந்தப் பாத்தியில் மருந்துக்குக்கூட ஒரு களை இல்லை.

யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். வயல் அவளுடைய மாமனாருடையது. ரோட்டில் போகிறவர்கள் அந்தப் புதரைப் பார்த்துச் சிரிப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. அதிலும் இன்று ஊரே வருகிறது. விடிவதற்குள் ஒன்றுவிடாமல் பிடுங்கித் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார் மனிதர். மருமகளின் மானம்தான் கப்பலேறியது.

“மாமனார் வயல்னதும் களையெல்லாம் பயந்து ஓடிடுச்சு போல!” என்றார் வரிசையில் நின்ற டிராக்டர்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்தபடி குனிந்து பார்த்தாள். பார்த்ததும் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. களை போயிருந்ததே தவிர, பயிர் காட்டிக்கொடுத்தது. பக்கத்துப் பாத்தியில் இடுப்பளவு கரும்பச்சை. இதில் முழங்காலைத் தாண்டாமல் வெளுத்து, நோஞ்சானாய் நின்றது. வேலை தெரிந்தவளுக்கு இது போதும்.

“மாமா, புடுங்கினதை எங்க போட்டீங்க?”

“மோட்டார் ரூம் பின்னாடிம்மா.” கூட்டத்துக்குப் பின்னால் நின்ற மாமனார் முனகினார்.

“கொண்டு வாங்க.”

கட்டு கட்டாகக் கொண்டுவந்து போட்டார். வாட்டம்கூட இல்லாமல் கொழுகொழுவென்று கிடந்தது களை.

“உரம் போட்டது பயிருக்கு. தின்னு கொழுத்தது இது. இன்னைக்குப் புடுங்கியாச்சே, பயிர் நிமிர்ந்துச்சா?”

“அந்தப் பக்கம் மண்ணு மட்டமா இருக்கும்,” டிராக்டர்காரர் விடுவதாக இல்லை. “களைய எப்ப எடுத்தாரோ, யாருக்குத் தெரியும்?”

எல்லோரும் மாமனாரைப் பார்த்தார்கள். மண்தான் சரியில்லை என்று அவர் சொல்லிவிட்டால் மறுபேச்சே கிடையாது. ஊர் அவரைத்தான் நம்பும்.

“மண்ணு ஒண்ணுதான்யா,” என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. “உங்களுக்குக் காட்டத்தான் மருமக விட்டு வெச்சா. நீங்க சிரிப்பீங்களேன்னு இன்னைக்குக் காலையிலதான் நான் புடுங்கினேன். புடுங்கி என்ன பிரயோஜனம்? எல்லாத்தையும் அது தின்னு முடிச்சிருச்சு. தப்பு என்னோடது.”

நாலு பேர் முன்னால் இந்த மனிதர் தப்பை ஒப்புக்கொண்டு அவள் பார்த்ததே இல்லை.

டிராக்டர்காரர் பயிரைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், பிறகு போனை எடுத்தார்.

“தம்பி, உர மூட்டைய அவிழ்க்காதே... அவிழ்த்தாச்சா? திரும்பக் கட்டு. களையெடுக்க ஆள் கூப்பிடு.”