ஏணி பிடித்தவள்

பூட்டு ரிப்பேர்காரரின் மனைவி சாவித் துவாரம் வழியாக வீட்டை விட்டுப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கரண்ட் போயிருந்ததால் தெருவே வாசலில் உட்கார்ந்திருந்தது. பார்க்கவில்லை என்று இப்போது சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள்.

எல்லாம் அவருடைய பொழுதுபோக்கால் வந்தது. சிலருக்குச் சீட்டு, சிலருக்குக் குடி. அவருக்கு எங்கேயாவது தேனீக் கூட்டம் இறங்கினால் ஏணியும் பெட்டியுமாக ஓட வேண்டும். முந்தின வருஷம் விளக்குக் கம்பத்தில் மூட்டை கட்டித் தொங்கவிட்டது போல ஒரு கூட்டம் இறங்கியது. மனைவியை ஏணி பிடிக்கச் சொல்லிவிட்டு ஏறினார். கூட்டத்தைப் பெட்டிக்குள் உதறும்போது கீழேயிருந்து அவள், "என்னங்க, காதுக்குள்ள என்னமோ போயிடுச்சு" என்றாள்.

"ஏதாவது பூச்சியா இருக்கும். ஏணியை விட்டுடாதே."

பிடித்த கூட்டத்தில் ராணித் தேனீ இருக்கிறதா என்று பொழுது சாயும்வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். ராணி உள்ளே இருந்தால் வெளியே சுற்றுகிற ஈக்கள் தானாகவே பெட்டிக்குள் போகும். இவர் பூட்டுக்காரர் இல்லையா, மூடினார், பூட்டினார், சாவியை இடுப்பில் செருகினார். மறுநாள் காலையில் பெட்டி காலி. பலகை இடுக்கு வழியாக வெளியேறிய ஈக்கள் வரிசையாக அவள் காதுக்குள் போய்க்கொண்டிருந்தன. ராணி இருக்கிற இடம்தானே வீடு.

அவளுக்கு வலியில்லை. டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர், உள்ளே தேனடை கட்டியாகிவிட்டது, கலைத்தால் ஆள் தங்காது என்றார். அந்த டாக்டர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அவள் எப்போதும் போலத் துவைத்தாள், சமைத்தாள். பக்கத்தில் போனால் ரீங்காரம் கேட்டது, அவ்வளவுதான். தலையணையில் வடிந்த தேனை வழித்து அவர் டீயில் போட்டுக் குடித்ததாகக் கேள்வி. செய்கிற ஆள்தான்.

அப்புறம் பூக்காலம் வந்தது. நெருக்கடியானால் ராணி கூட்டத்தோடு கிளம்பிவிடும், தங்க வேண்டுமென்றால் இடம் விட வேண்டும். தேனீ வளர்க்கிற எவனுக்கும் தெரிந்தது இது, அவருக்கும் தெரியும். ஆனால் கை பழகியது வேறு. ஜன்னலுக்கெல்லாம் பூட்டுப் போட்டார். அவளுடைய அண்ணன், பஸ் ஓட்டுகிறவர், வந்து கேட்டார்: "மாப்ள, நீங்க வச்சிருக்கறது பொண்டாட்டியா, பீரோவா?" அண்ணன் தெரு முனையைத் தாண்டுவதற்குள் வாசல் கதவுக்கும் ஒரு பூட்டு ஏறியது.

அந்த மத்தியானம் அவள் கேட்டது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

"மூச்சு முட்டுதுங்க. ஒரு ஜன்னலையாவது திறங்க. சாயங்காலம் மூடிக்கலாம்."

சாவியைத் தேடுவதாகச் சொன்னார். சாவி இடுப்பில்தான் இருந்தது.

அவள் ஒவ்வொரு ஈயாக வெளியே வந்தாள். அதற்கு நேரம் பிடித்தது. நாற்காலியில் அவள் உடுத்தியிருந்த துணி மட்டும் சூடு ஆறாமல் கிடந்தது. கூட்டம் அதே கம்பத்தில், அவள் நிற்கிற மாதிரியே ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிடிக்க ஆள் கூப்பிட்டார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தனியாக ஏறினார், ஏணி ஆடியது, இறங்கிவிட்டார். அதற்குள் அவள் கூரைகளுக்கு மேலே போய்விட்டாள்.

இப்போது அவர் பெட்டியைத் திறந்தே வைத்திருக்கிறார், வீட்டையும்தான். சாமான் களவு போகிறது, கண்டுகொள்வதில்லை. எங்கள் தெருவில் பல்பு மாட்ட ஏணி பிடிக்கிறவர்கள் இன்றைக்கும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் பிடிக்கிறார்கள்.