தனி வாசிக்கும்போது எழுந்தவன்

மூட்டை தூக்கி இடுப்பு போன பிறகு எனக்கு மிஞ்சியது உட்காரும் வேலைதான். டிவிக்காரர்கள் கச்சேரி பிடிக்கும்போது நாற்காலிகள் காலியாகத் தெரியக் கூடாது. அதனால் என் மனைவி பிரிஜெட் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் மாதா கோயில் ஆட்களைத் திரட்டி, வேனில் ஏற்றி, வைட்ஃபீல்ட் பக்கம் இருக்கும் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போவாள். மேனேஜர் கையைத் தூக்கிக் காட்டினால் கைதட்ட வேண்டும். மற்ற நேரம் அசையக் கூடாது.

எனக்கு அந்த அசையாமல் இருப்பதுதான் வராது.

"சும்மா உக்கார்றதுக்குக் கூலி குடுக்கறான், அதுக்கும் நோவுதா உங்களுக்கு?" என்றாள் பிரிஜெட், வேனில். "போன தடவ பாட்டு முடியறதுக்குள்ள தட்டித் தொலைச்சோம். இன்னிக்கும் ஏதாச்சும் ஆச்சு, அத்திபெலேலேர்ந்து வேற ஆளுங்கள வெச்சுக்குவாங்க. அப்புறம் நீங்க மறுபடி மூட்டைக்குத்தான் போகணும்."

என்னை முதல் வரிசையில் போட்டார்கள். நரைத்த தலை கேமராவுக்கு எடுப்பாம். தாரணி என்ற பெண் பாடினாள். நன்றாகத்தான் பாடியிருப்பாள். நான் பாட்டைக் கேட்டதைவிடக் காலோடு மல்லுக்கட்டியதே அதிகம். விரலை மடக்கினேன், விரித்தேன். ஏசிக் குளிர் இடுப்பில் ஏறியது.

"எறும்பு கடிக்குதா ஆம்ப்ரோஸண்ணே?" என்று பக்கத்தில் இருந்த அல்போன்சா வாய் அசையாமல் கேட்டாள்.

பாட்டு நின்றது. மிருதங்கக்காரர் வெங்கடராமன் தனியாக வாசிக்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துக் கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. எழுந்துவிட்டேன்.

நான் மட்டும் எழுந்திருந்தால் போகட்டும். மாதா கோயில் பூசையில் முன்வரிசை எழுந்தால் பின்னால் இருப்பவர்களும் எழுவார்கள், எங்கள் ஆட்களுக்கு அது பழக்கம். நாற்காலிகள் கிறீச்சிட, மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. சிலர் கைகூடக் குவித்தார்கள்.

மிருதங்கம் நின்றது.

"இங்கேயுமா?" என்றார் வெங்கடராமன். "சபாவுலதான் என் தனி ஆரம்பிச்சதும் காப்பி குடிக்க எழுந்து போறா. டிவிலயும் போறேளா?"

கன்னடக்கார மேனேஜர் ஹரிஷ் ஓடி வந்தான். "ஏன்ரீ பிரிஜெட்டம்மா, இது என்ன சர்ச்சா? அந்த முன்சீட்டு ஆள வெளிய அனுப்புங்க. இல்ல, எல்லாரும் வேனுக்கு நடங்க."

பிரிஜெட் என்னைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஐயா, போறதுக்கு எழல. கால் சுண்டிருச்சு" என்று சொல்லிவிட்டுப் பட்டென்று உட்கார்ந்தேன். பின்னால் மொத்தமும் உட்கார்ந்தது.

வெங்கடராமன் சிரித்துவிட்டார். "அவர் இருக்கட்டும் ஹரிஷ். இத்தனை வருஷமா வாசிக்கறேன், என் தனிக்கு எழுந்தவன் எவனும் திரும்பி உக்காந்ததில்ல."

"சரி சார். ஆனா இன்னொரு வாட்டி அசைஞ்சா இந்தக் கும்பலே வேண்டாம்."

மறுபடி ஆரம்பித்தார். இப்போது என் முகத்தைப் பார்த்தே வாசித்தார். கெண்டைக்கால் மறுபடி கல்லாக இறுகியது. பல்லைக் கடித்தேன். அல்போன்சா என் முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மிருதங்கம் வேகமாகி, ஓங்கி, முடிகிற மாதிரி வந்தது. ஹரிஷின் கை பாதி உயர்ந்தது.

வெங்கடராமன் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஒருத்தரும் எழவில்லை. முகமெல்லாம் மலர, அங்கவஸ்திரத்தால் கையைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து இன்னொரு தனியை ஆரம்பித்தார்.