இறக்கத்தில் நியூட்ரல்

டிப்போ பலகையில் இந்த மாதமும் அவர் பெயர்தான் முதலில் இருந்தது. டீசலை மிச்சம் பிடிப்பதில் அந்த பஸ் டிரைவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அன்று மாலைக் கூட்டத்தில் மற்ற டிரைவர்களுக்கும் அந்த வித்தையைச் சொல்லித்தரும்படி மேனேஜர் கேட்டிருந்தார். மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வித்தை பெரிதாக ஒன்றுமில்லை. மலை இறக்கத்தில் கியரை நியூட்ரலில் தட்டிவிடுவார். பஸ் தானாக உருளும். என்ஜினுக்கு ஓய்வு, டீசல் மிச்சம் என்று நினைப்பு.

அன்று காலையும் அப்படித்தான் இறங்கினார். முன் சீட்டில், ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அவர் மனைவி, ஏழு மாத வயிற்றோடு. வளைவு திரும்பியதும் நடுரோட்டில் ஒரு லாரி நின்றது. பிரேக்கை மிதித்தார். இறக்கம் முழுக்க மிதிபட்டுச் சூடேறியிருந்த பிரேக் பிடிக்கவில்லை. கியரைப் போட்டுப் பார்த்தார், விழவில்லை. பஸ்ஸை மலைச்சுவரில் உரசவிட்டு ஒரு வழியாக நிறுத்தியபோது லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது.

"என்னங்க, பிரேக் பிடிக்கலையா?" என்றாள் மனைவி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

டிப்போவில் மெக்கானிக் பெண் சக்கரத்தருகே குனிந்ததுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"நியூட்ரல்ல விட்டீங்களாண்ணே?"

"டீசல் மிச்சமாகுமேன்னு..."

"நல்லா மிச்சம் பிடிச்சீங்க போங்க! இந்த என்ஜின்ல, கியர்ல இருக்கும்போது ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தா சொட்டு டீசல்கூட உள்ள போகாது. சக்கரமே என்ஜினைச் சுத்த வைக்கும், என்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரல்ல விட்டாதான், அணையாம இருக்க டீசல் குடிக்கும்."

"அப்போ எனக்கு எப்படி மைலேஜ் வந்துச்சு?"

"டயர்ல காத்து பார்க்காம நீங்க வண்டி எடுக்கறதில்ல. நிக்கற இடத்துல என்ஜினை அணைச்சிடுவீங்க. பதமா மிதிப்பீங்க. அதுல வந்துச்சுண்ணே."

பழியை லாரி மேல் போட்டுவிட்டு அவர் தப்பித்திருக்கலாம். முதலிடமும் நிலைத்திருக்கும். ஆனால் மாலைக் கூட்டத்தில் எழுந்து நின்றவர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மேனேஜர் நெளிந்தார்.

"அதெல்லாம் இங்க எதுக்குப்பா?"

"இங்கதான் சார் சொல்லணும். முதலிடத்துக்கு ஆசைப்பட்டு, பெத்துக்கப் போற பிள்ளையையே பள்ளத்துல தள்ளப் பார்த்தேன்." டிரைவர்கள் பக்கம் திரும்பினார். "டீசலை மிச்சம் பிடிங்க. வண்டியை நல்லா வச்சுக்கிட்டு, பதமா ஓட்டி மிச்சம் பிடிங்க. அடுத்தவன் உசுரைப் பணயம் வச்சா அதுக்குப் பேரு சிக்கனமில்ல. நம்ம பின்னாடி உட்கார்ந்திருக்கறவங்க டிக்கெட் எடுத்தது வீடு போய்ச் சேர, நம்ம பேரைப் பலகையில ஏத்த இல்ல."