பத்து விரலிலும் மை

வீட்டில் அவனுக்குப் பட்டப்பெயர் சிஐடி. தடய அறிவியல் படித்து முடித்ததிலிருந்து சொந்தபந்தம் முழுக்க அப்படித்தான் கூப்பிட்டது. சித்தப்பாவின் செருப்பு இடம் மாறினாலும் "கூப்பிடு சிஐடியை", அத்தை வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் "சிஐடி வந்து பார்க்கட்டும்". இத்தனை கேலிக்கு நடுவிலும் ஒரு சந்தேகம் மட்டும் யாருக்கும் தீரவில்லை. இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

"பொணம் அறுக்கிற வேலையாடா?" என்பார் சித்தப்பா.

"அது டாக்டருங்க வேலை சித்தப்பா."

"அப்ப போலீஸா?"

"போலீஸும் இல்ல."

"ரெண்டும் இல்லன்னா எதுக்குடா இத்தனை வருஷம் படிச்ச?"

அவனும் சளைக்காமல் விளக்குவான். மரபணு ஆய்வகம் இருக்கிறது, எரிந்துபோன வண்டி தானாக எரிந்ததா கொளுத்தியதா என்று பார்த்துச் சொல்ல காப்பீட்டு நிறுவனம் இருக்கிறது, கம்ப்யூட்டர் தடயம் பக்கம் போனால் கை நிறையச் சம்பளம். வாயால் சொல்லும்போது எல்லாம் இருந்தது. விண்ணப்பம் போட்டால்தான் ஒன்றும் இல்லை. பாதிப் பேர் அனுபவம் கேட்டார்கள், மீதிப் பேர் முதுகலை கேட்டார்கள். படித்த பிள்ளை வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய பாரம் என்பது உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் அரசு ஆய்வகத்தின் அறிவிப்பு வந்தது. முதுகலைப் படிப்பு, கூடவே ஆய்வகத்தில் பயிற்சி, முடித்தால் அங்கேயே வேலை. எழுத்துத் தேர்வில் அவன் தேறிவிட்டான். செய்முறைத் தேர்வு மட்டும் பாக்கி. அதற்குள் அப்பா தெரு முழுக்கத் தமுக்கடித்துவிட்டார்.

செய்முறைக்கு இரண்டிரண்டு பேராக உள்ளே அனுப்பினார்கள். அவனோடு ஜோடி சேர்ந்தவள் வயதில் மூத்தவள். காப்பீட்டு நிறுவனத்தில் எரிந்த வண்டிகளைப் பார்க்கிறவள். அவன் அவளைப் பார்த்த உடனே அக்கா ஆக்கிக்கொண்டான்.

"இந்த வருஷத்தோட எனக்கு வயசு வரம்பு முடியுதுப்பா. லீவு கேட்டா, இந்த வயசுல என்ன படிப்புன்னு ஆபீஸ்ல சிரிக்கிறாங்க" என்றாள். மாட்டும்போதே அவன் கையுறை கிழிந்துபோக, தன் பையிலிருந்து ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தாள். "பதறாத. நல்லாப் பண்ணுவ."

போனை வாசலில் இருந்த தட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். அக்கா வைத்தாள். போன் இல்லாவிட்டால் அவனுக்குக் கை ஒடிந்த மாதிரி. பேன்ட் பையிலேயே கிடக்கட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டான்.

உள்ளே, திருடன் புகுந்த வீடுபோல ஓர் அறையை ஏற்பாடு செய்திருந்தார்கள். கவிழ்ந்த நாற்காலி, திறந்து கிடக்கும் பீரோ, மேசைமேல் ஒரு கண்ணாடி டம்ளர். அக்கா பீரோவின் பக்கம் குனிந்து ஆய்வகத்தின் கேமராவில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துப் போன் தொடையில் அதிர்ந்தது. அம்மா. கையுறையோடு திரை நகர மறுத்தது. வலது கையுறையைக் கழற்றி அழைப்பைத் துண்டித்தான். திரும்பிய வேகத்தில் முழங்கை மேசையில் இடித்தது. டம்ளர் விளிம்புக்குச் சறுக்க, வெறுங்கையால் எட்டிப் பிடித்துவிட்டான்.

துடைத்தால் அதில் ஏற்கெனவே இருக்கும் ரேகையும் போய்விடும். அந்த அளவு படிப்பு அவனிடம் இருந்தது. சத்தமில்லாமல் அதை இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டான். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

நேரம் முடிந்ததும் கைரேகை நிபுணர் வந்தார். மூக்கின் நுனியில் கண்ணாடி, சாவகாசமான மனிதர். பிரஷால் டம்ளர்மேல் கறுப்புத் தூளைத் தடவ, முத்துமுத்தாக நான்கு விரல்கள் எழும்பி வந்தன.

"இந்த அறையில இருக்கிற ரேகையெல்லாம் நானே வெச்சது. இது நான் வெச்சதில்ல. உங்க ரெண்டு பேர்ல யாரோடது?" கேட்ட குரலில் கோபமே இல்லை.

"நான் மேசைப் பக்கமே போகலையே சார்" என்றாள் அக்கா.

அப்பா, தெரு, சித்தப்பா எல்லோரும் ஒரே நேரத்தில் அவன் கண்முன் வந்து நின்றார்கள். "அக்காதான் சார்... நடுவுல ஒருதடவை கையுறையக் கழட்டினாங்க" என்று வாய் சொல்லிவிட்டது.

ஊர் உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கலாம். கைரேகை பார்த்தே தலை நரைத்த மனிதரிடம், அந்த ரேகைக்குச் சொந்தமான விரல்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொல்லலாமா? அவன் சொன்னான்.

நிபுணர் மைப் பலகையை எடுத்துவந்தார். "ரெண்டு பேரும் கையக் குடுங்க."

அக்கா உடனே நீட்டினாள். அவன் கை எழவே இல்லை.

"குடுங்க தம்பி."

விரல் விரலாக உருட்டி எடுத்தார். லென்ஸை வைத்துப் பார்க்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"சம்பவ இடத்துக்குப் போறவங்க எல்லாருமே என்னைக்காவது கைய வெச்சுடுவாங்க. நானும் வெச்சிருக்கேன். அதைக் கழிச்சுப் பார்க்கத்தான் எங்க எல்லார் ரேகையையும் இங்க எடுத்து வெச்சிருக்கோம். 'என்னோடதுதான் சார்'னு சொல்லியிருந்தா கொஞ்சம் மார்க்கோட போயிருக்கும்." கண்ணாடியைக் கழற்றினார். "நாளைக்கு நீங்க கோர்ட்டுல சொல்ற வார்த்தையில ஒருத்தன் ஜெயிலுக்குப் போவான். நீங்க கெளம்பலாம் தம்பி."

அக்கா திட்டியிருந்தால்கூடத் தேவலை. மை துடைக்கத் தன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவன் பக்கம் நீட்டினாள், பழக்கதோஷம் போல. பிறகு சட்டென்று நினைவு வந்தவளாகக் கையை மடக்கிக்கொண்டாள். அவனுக்கு அங்கேயே செத்துவிடலாம்போல் இருந்தது.

பேருந்து நிலையக் குழாயில் சோப்புப் போட்டுத் தேய்த்தும் மை போகவில்லை. வழி முழுக்க இரண்டு கைகளையும் அக்குளில் சொருகிக்கொண்டு வந்தான்.

"வந்துட்டான்யா சிஐடி!" என்று சித்தப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். அப்பா டிவியை அணைத்தார்.

"கெடைக்கல" என்றான்.

அம்மா மெதுவாகக் கேட்டாள். "நான் போன் பண்ணேனே, அதனாலயாடா? நேரங்காலம் தெரியாமக் கெடுத்துட்டேனா?"

சாக்கு ஒன்று, நழுவிய பழம்போலத் தானாக வந்து கையில் விழுந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீடே அவள்மேல் பாயும். அவளும் ஆமாம் நான்தான் என்று ஆயுசுக்கும் சுமப்பாள். மத்தியானம் அக்கா பேரைச் சொன்னபோது வாயில் இருந்த அதே கசப்பு இப்போதும் ஊறியது.

"இல்லம்மா. தப்பு என்னோடது. அதைத் தூக்கி இன்னொருத்தர் மேல போட்டேன்" என்று ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னான். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். சித்தப்பாவுக்குக் கேலி செய்ய ஒன்றும் கிடைக்கவில்லை.

அம்மா கிண்ணத்தில் எண்ணெய் எடுத்துவந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். மை இளகி அவள் கையிலும் ஏறியது. சுண்டுவிரலுக்கு வந்தபோது கேட்டாள். "அந்தப் பொண்ணுக்காவது கெடைச்சுதா?"

அவன் வாயைத் திறந்தான். வெளியே வந்தபோது அவன் அதைக் கேட்கவே இல்லை. பேருந்தில் உட்கார்ந்திருந்தபோதும் அவன் யோசித்ததெல்லாம் வீட்டில் என்ன சொல்வது என்பதைத்தான்.

"தெரியலம்மா" என்றான். "கேக்கணும்னே தோணல."

அம்மா தேய்ப்பதை நிறுத்திவிட்டாள்.