வரப்போரத்து இரும்பு

பாவாயியின் சாமைக் காட்டை ‘எச்சப் படிவு’ என்று பகலவன் சார் ஒரே வார்த்தையில் முடித்தபோது நௌஷீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரியாலூர்ப் பக்கத்து மலையில் இரும்புத் தாது தேட வந்த தனியார் குழு அது. அவர் தலைமைப் புவியியலாளர், அவள் அவருக்குக் கீழே.

தாது எப்படிச் சேர்ந்தது என்று தெரிந்தால்தானே அது எந்த வகை என்று சொல்ல முடியும்? உருகிய பாறை ஆறும்போது கனமானது அடியில் தங்கியிருக்கலாம். சுடுநீர் பாறை விரிசலில் விட்டுப் போயிருக்கலாம். ஓடை அடித்துவந்து ஒதுக்கியிருக்கலாம். மற்றதெல்லாம் மழையில் கரைந்துபோய், கரையாதது அங்கேயே மிஞ்சினால் அதுதான் எச்சப் படிவு. முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். இந்த மனுஷரோ வரப்போரம் குவிந்திருந்த கறுத்த கல்லில் காந்தத்தை ஒட்டிப் பார்த்தார், அதிலேயே மாதிரி எடுத்தார், கையைத் தட்டிவிட்டார்.

“இந்தக் கல்லு ஏது அக்கா?” என்று நௌஷீன் பாவாயியைக் கேட்டாள்.

“மழைக்கி மேட்டுலேர்ந்து உருண்டு வருதுங்க. ஏர்ல தட்டுறதப் பொறுக்கி ஓரமாப் போடுவோம். எங்க மாமியா காலத்துலேர்ந்து போட்டுக்கினுதான் இருக்கோம்.”

ஆக, சேர்த்தது பூமியல்ல, இந்தப் பெண்களின் இடுப்பும் முதுகும். காட்டின் நடுவில் குழி வெட்டிப் பார்த்தாள். இடுப்பளவு ஆழத்திலும் வெறும் மண்தான்.

“சார், குழியில ஒண்ணுமே இல்ல. குவியல்ல எடுத்த மாதிரி செல்லாது.”

“கல்லுல இரும்பு இருக்குதில்ல? மத்தியானம் முதலாளி வராரு, ஒரு எடமாவது காட்டணும். உனக்கு அனுபவம் கம்மிம்மா.”

அனுபவமாம்! நௌஷீன் கள்ளக்குறிச்சி பழைய இரும்புக் கடை ஜான் பாஷாவின் மகள். வாசலில் இரும்பு குவிந்திருக்கிறதே என்று கடைக்கு அடியில் சுரங்கம் இருப்பதாக எவனாவது சொல்வானா? இங்கே சொல்கிறார்கள். பாவாயிக்கு இருப்பதே இந்த ஒரு காடு.

“கல்லுதான் வேணும்னா மொத்தத்தையும் ஏத்திக்கினு போங்க சார், நெலத்த வுட்டுடுங்க” என்றாள் பாவாயி.

அவர் சிரித்துவிட்டு ஜீப்பேறிச் சாப்பிடப் போனார்.

நௌஷீனுக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனி மினி லாரி சும்மா நின்றிருந்தது. வேலை போனால் போகட்டும் என்று துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு முதல் கல்லைத் தூக்கிப் போட்டாள். பாவாயியும் அவள் கணவன் மாதனும் சேர்ந்துகொண்டார்கள்.

முதலாளி வந்து இறங்கியபோது வரப்போரம் துடைத்தாற்போல் இருந்தது. காட்ட நீட்டிய பகலவன் சாரின் கை அப்படியே நின்றது.

“தாது எங்கய்யா?” என்றார் முதலாளி.

நௌஷீன் லாரியைக் காட்டினாள்.

“மொத்தமும் இதாங்க சார். ஒரு லோடுகூட தேறல.”