கபோட்வேயின் சாட்சி

இசைத்தட்டின் உறையை மேசைமேல் திருப்பி வைத்து, வானொலிக்காரர் கசோன்டே கேட்டார்: "இதுல நீங்க எங்க இருக்கீங்க, பெரியவரே?"

கபோட்வே உறையைக் கையில் எடுத்தார். படத்தில் டிரம்ஸுக்குப் பின்னால் இருப்பவன் வேறொருவன். பதிவு முடிந்து உறைக்குப் படம் எடுத்த வாரம், தாயைப் புதைக்க அவர் சொந்த ஊரான கசாமாவுக்குப் போயிருந்தார். கிட்வே நகருக்குத் திரும்பியபோது அவர் இடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். உறையில் அவன் பெயரே ஏறியது. கபோட்வே செப்புச் சுரங்கத்தில் வேலைக்கு இறங்கினார். பல வருடங்கள் கழித்து இப்போது வெளிநாட்டில் யாரோ அந்தத் தட்டை மறுபடி வெளியிட்டதில், மினிபஸ்களில்கூட அந்தப் பாட்டுகள் ஓடின. ஒருநாள் பக்கத்து இருக்கைக்காரனிடம், "இது நான் அடிச்சது" என்றார். அவன் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"குழுவுல இருந்தவங்க யாராவது ஒருத்தர் சொல்லட்டும். நிகழ்ச்சி போட்டுடலாம்," என்றார் கசோன்டே.

உயிரோடிருந்தது ஒருவர்தான். அன்று பாஸ் கிட்டார் வாசித்த கபாசோ; இன்று பிஷப் கபாசோ. மனந்திரும்பிய நாளில் கிட்டாரைச் சபை நடுவே எரித்தவர்.

"உங்க பேரைச் சொன்னா தன் பேரும் வெளிய வருமே. சொல்லுவாரா அவரு?" என்றாள் மனைவி முசெபா. ஆனாலும் கபோட்வே பிஷப்பிடம் போனார்.

பிஷப் அவரை மேலும் கீழும் பார்த்தார். "கிழவனாயிட்டே கபோட்வே."

"நீ மட்டும் என்ன?"

இருவரும் சிரித்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் பிஷப்பின் முகம் மாறியது. "ஞாயித்துக்கிழமை வா. சபை முன்னாடியே சொல்றேன். நீயும் சாட்சி சொல்லணும்."

"என்னன்னு?"

"உண்மையைத்தான்."

ஞாயிறன்று கபோட்வே இரவல் கோட்டுடன் மேடையில் நின்றார். முன்வரிசையில் கசோன்டே ஒலிப்பதிவுக் கருவியுடன் இருந்தார். பிஷப் எதையும் மறைக்கவில்லை. அத்தனை பாட்டுக்கும் அடித்தது இவன்தான் என்றார். மூன்றாவது பாட்டின் தொடக்கத்தில் வரும் தாள அடி இவனே உண்டாக்கியது, எங்களுக்கு அதைப் பிடிக்கவே பல நாளாயிற்று என்றார். அதைக்கூட அவன் மறக்கவில்லையா என்று கபோட்வே நிமிர்ந்து பிஷப்பைப் பார்த்தார். கீழே முசெபா தலைத்துணியால் கண்ணைத் துடைத்தாள்.

"அந்த அடியைக் கேட்டு எத்தனை பேர் குடிச்சே செத்தாங்க," என்றார் பிஷப். "எத்தனை குடும்பம் அழிஞ்சுது." கூட்டம் முனகியது. பிஷப் ஒலிவாங்கியைக் கபோட்வேயின் வாயருகே நீட்டினார். "சொல்லு சகோதரா. அந்த அடியை உனக்குக் கொடுத்தது யாரு?"

அவருடைய தாயும் அடுத்த வீட்டுக்காரியும் ஒரே உரலில் மாறி மாறிச் சோளம் இடிக்கும்போது, நடுவில் ஒரு இடி தவறிப் பிந்தி விழும். அங்கிருந்து எடுத்தது அது. இத்தனை பேர் முன்னால் அதை எப்படிச் சொல்வது? மறுத்தால் பிஷப் சொன்னதையெல்லாம் திரும்பப் பெற்றுவிடுவாரோ என்றும் தோன்றியது. கசோன்டேயின் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"சாத்தான்," என்றார்.

அல்லேலூயா கூரையை முட்டியது. மூப்பர்கள் சூழ்ந்து அவர் தலையை அழுத்தி மண்டியிட வைத்தார்கள்.

நிகழ்ச்சி புதன்கிழமை ஒலிபரப்பானது. அவர் பெயரைத் தெளிவாக, இருமுறை சொன்னார்கள். பாட்டைப் போடவில்லை, வேண்டாமென்று பிஷப் கேட்டுக்கொண்டாராம். முசெபா வானொலியை அணைத்துவிட்டு, "உங்க அம்மா உரல் சத்தம்னு என்கிட்ட சொன்னீங்களே," என்றாள். அவர் எழுந்து வெளியே போனார்.

மறுநாள் காலை வாசலில் முன்பின் தெரியாத ஒரு பெண் நின்றாள். கூடவே நெட்டையாக ஒருவன், நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தான். அவன்மேல் சாராய வாடை வீசியது.

"ரேடியோவுல கேட்டேங்க. சாத்தான் பிடியிலிருந்து வந்தவரு நீங்க. என் மகன் தலையில கை வெச்சு ஜெபிங்க. எல்லார்கிட்டயும் போய்ப் பார்த்துட்டேன்."

"நான் பாஸ்டர் இல்லம்மா."

"உங்க பேரு தெரிஞ்சுதான் வந்திருக்கேன்," என்று மகனைத் தோளைப் பிடித்து மண்டியிட வைத்தாள். அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள், உதடுகள் அசைந்தன. வேறு வழியில்லாமல் கபோட்வே கையை வைத்தார். அவன் தலை வியர்த்துக் கொதித்தது. அவன் கண்ணை மூடவில்லை. அவரையே அண்ணாந்து பார்த்தான்.

"பெரியவரே," என்றான், தாய்க்குக் கேட்காத குரலில். "அந்த மூணாவது பாட்டு... நிஜமாவே நீங்கதான் அடிச்சீங்களா?"

"ஆரம்பிங்க ஐயா," என்றாள் அந்தப் பெண், கண் திறக்காமல்.

கபோட்வேயின் வாய் திறந்தது. உள்ளங்கையின் கீழே அவன் தலை பதிலுக்காக அசையாமல் நின்றது.