கம்பி நீங்கலாக

சனிக்கிழமை காலை ஆம்பூர் தேகப்பயிற்சிக் கழகத்தில் கூடியவர்கள் நால்வர். தலைவர் கவுஸ் பாஷா, இருந்த ஒரே நாற்காலியில். செயலாளர் பக்தவச்சலம் சுவரோர பெஞ்சில், மடியில் மனுத்தாளோடு. கமலவேணி வாசற்படியில். அவள் புருஷன் கனகராஜ் உட்காரவில்லை; எடை தூக்க வேண்டியவன் அவன்.

மூன்று வாரத்தில் வேலூரில் மாவட்டப் போட்டி. தொண்ணூறு கிலோ தூக்கியவர்கள் மட்டும் மனுப் போடலாம். அன்றே தபாலில் சேர்க்க வேண்டும். கனகராஜ் அதுவரை தூக்கியது எண்பது.

"இன்னிக்குத் தூக்கிட்டா நம்ம அளவு இன்னான்னு தெரிஞ்சிடும்ணே," என்றான் கனகராஜ் செயலாளரிடம்.

"முதுகு புடிச்சிக்கினா, போட்டிக்கு நான் போய்த் தூக்கவா?" என்றாள் கமலவேணி.

கனகராஜ் தூக்கினான். கம்பி நெற்றிவரை போயிற்று; அப்புறம் கீழே விழுந்து கடப்பைக் கல்லைப் பிளந்தது. அவன் குனிந்தபடியே நின்றுவிட்டான்.

'தொண்ணூறு: தவறியது' என்று பக்தவச்சலம் எழுதினார்.

கவுஸ் பாஷா எடைத் தட்டுகளைக் கழற்றிவிட்டுக் கம்பியை நகர்த்தினார். "யப்பா, வெறுங் கம்பியே இன்னா கனம்! இதையும் சேர்த்துதானே பக்தா கணக்கு?"

"கம்பியை எப்படி பாய் சேர்க்கறது? கழிச்சாச்சு."

பன்னிரண்டு வருடமாகத் தோல் மண்டியில் எடை எழுதுகிறவர் பக்தவச்சலம். பலகையில் வைத்து நிறுத்தால் பலகையைக் கழிப்பார். தோலில் உப்பிருந்தால் உப்பைக் கழிப்பார். சரக்கைத் தாங்குவது எப்படிச் சரக்காகும்?

"கம்பி எத்தினி கிலோ?" என்றாள் கமலவேணி.

"இருபது."

"அப்போ இவரு போன மாசமே நூறு தூக்கிட்டாரு. இன்னிக்கு எதுக்கு இந்த பேஜாரு?"

கனகராஜ் மெல்லத் தலையைத் திருப்பினான். "அண்ணே, போன வருஷம் எழுபத்தஞ்சின்னு எழுதி, மனு திரும்பி வந்துச்சே?"

"அது தொண்ணூத்தஞ்சு," என்றார் பக்தவச்சலம் சன்னமாக.

கனகராஜ் பாய்ந்திருப்பான், முதுகு விடவில்லை.

பக்தவச்சலம் புதுத்தாள் எடுத்து முத்து முத்தாக எழுதினார்: 'அதிகபட்ச எடை நூறு கிலோ, கம்பி உட்பட. சென்ற வருட மனுவையும் இருபது கிலோ கூட்டி வாசிக்க வேண்டுகிறேன். அன்னார் இன்று டம்ளர்கூடத் தூக்கும் நிலையில் இல்லை.'

"கடைசி வரியை அவங்க கேட்டாங்களா?" என்றார் கவுஸ் பாஷா.

பக்தவச்சலம் யோசித்தார். கேட்கவில்லைதான். அந்த வரியை அடித்துவிட்டு, முறைப்படி ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டினார்.

"நான்தான் போடுவேன்," என்று கனகராஜ் பிடுங்கிக்கொண்டான். "உங்க கையில குடுத்தா உறையையும் கழிச்சிடுவீங்க."

கமலவேணி தோளைப் பிடித்துக்கொள்ள, தெருமுனைவரை நடந்தான். தபால் பெட்டியின் வாய் நல்லவேளையாக அவன் குனிந்திருந்த உயரத்தில் இருந்தது. கடிதம் உள்ளே விழுந்தது.